நூறு சென்டிமீட்டர் பறந்த காடை

'ஆயிரம் கோழி அரைக் காடை' என்பது நம் ஊர்ப்பக்கத்துப் பழமொழி. காடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மிளகு தூக்கலாகப் போட்ட வறுவல்தான். ஊரை விட்டு வந்து பிழைக்கும் இடத்திலும், சம்பளம் வாங்கிய அன்று இரவு ஓட்டலில் காடை கிடைக்குமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு.

ஆனால் எல்லாக் காடையும் அடுப்படிக்குப் போவதில்லை. சில காடைகள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகின்றன. எலியும் முயலும் கினிப்பன்றியும் விஞ்ஞானத்துக்கு உழைப்பது நாம் அறிந்ததே. அந்த வரிசையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காடையும் நின்றுகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1998-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, நோயால் இறக்கையைத் தூக்கவும் முடியாமல் கிடந்த ஒரு காடையைப் பற்றிச் சொல்கிறது. பதினெட்டு நாள் மருந்துக்குப் பிறகு அது நூறு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிப் பறந்தது. நூறு சென்டிமீட்டர் என்பது ஓர் ஆளின் இடுப்பளவு. பறவைக்கு அது ஓர் உயரமே அல்ல. ஆனாலும், பிறந்து ஓராண்டு முடிவதற்குள் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அந்த இடுப்பளவு உயரத்தில்தான் வழி பிறந்தது.

அந்தக் கதைக்குப் போகுமுன் இந்தப் பறவை யார் என்று பார்ப்போம்.

ஜப்பானிலிருந்து வந்த விருந்தாளி

நம் கம்பங்கொல்லைகளில் காலடிச் சத்தம் கேட்டதும் விர்ரென்று எழும்பும் காட்டுக் காடை வேறு. பண்ணைகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் வளர்வது ஜப்பானியக் காடை. ஜப்பானியர்கள் இதை முதலில் வளர்த்தது கறிக்காக அல்ல, அதன் கூவலைக் கேட்டு மகிழ்வதற்காக! முட்டைக்காகவும் கறிக்காகவும் பெருவாரியாக வளர்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுக் காடைப் பண்ணைகள் பெரும்பாலும் அழிந்துபோயின. எஞ்சிய பறவைகளைக் கொண்டு போருக்குப் பின் மீண்டும் இனத்தைப் பெருக்கினார்கள்.

இந்தியாவுக்கு இது 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. வந்து இறங்கிய இடம் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகேயுள்ள இஸத்நகர். அங்குள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் வளர்த்தார்கள். 1979-ல் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் அதே ஊரில் தனியாக உருவானபோது, காடை வேலை அதன் பொறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய இனத்துக்கு 'நந்தனம் காடை' என்றே பெயர். ஊர்ப்பக்கம் இன்று இலைக்கு வருகிற காடைகள் இப்படிப் பண்ணையில் வளர்ந்தவைதான்.

ஏன் காடை?

பறவைகளைப் பற்றி ஆராயக் கோழி இருக்கிறதே, காடை எதற்கு என்ற கேள்வி எழலாம். விடை வெறும் கணக்குதான்.

கோழி முட்டை பொரிய 21 நாள். காடை முட்டைக்கு ஏறக்குறைய 17 நாள் போதும். கோழிக்குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து மாதம் ஆகும். காடை ஆறு ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே ஆண்டில் பாட்டி, தாய், மகள் என்று மூன்று நான்கு தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். எடையோ 100 முதல் 150 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராம் தீவனம் இருந்தால் தாராளம். ஒரு கோழி நிற்கும் இடத்தில் பல காடைகள் நிற்கும்.

ஆராய்ச்சிக்கும் பட்ஜெட் உண்டு. மேலதிகாரிக்கு முன்னால் செலவுப் பட்டியலோடு நிற்கும் சங்கடம் விஞ்ஞானிகளுக்கும் இருக்கிறது. 1959-ல் 'சயன்ஸ்' என்ற அமெரிக்க விஞ்ஞான இதழில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், காடையை ஆராய்ச்சிப் பிராணியாகப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு இதன் மவுசு கூடியது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆண் காடையின் பின்புறத்தில், வாலுக்குக் கீழே, நுரை சுரக்கும் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆண்மைக்குரிய ஹார்மோன் உடலில் கூடினால் இது பருக்கும், குறைந்தால் சுருங்கும். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், வெளியிலிருந்து அளந்து பார்த்தே பறவையின் உடலுக்குள் நடப்பதை ஊகிக்கலாம். பகல் நீளும் காலத்தில் பறவைகள் முட்டையிடத் தயாராவது எப்படி, மூளைக்குப் பருவகாலம் எப்படித் தெரிகிறது என்ற கேள்விகளுக்கு ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுராவும் குழுவினரும் 2003-லும் 2008-லும் முக்கியமான விடைகளைக் கண்டது காடையை வைத்துத்தான்.

கோழிக்குள் ஒரு காடை

பிரான்ஸ் நாட்டில் நிக்கோல் லெ துவாரென் என்ற பெண்மணி இருந்தார். பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். 1960-களின் இறுதியில் அவர் நுண்பெருக்கியில் ஒன்றைக் கவனித்தார். காடையின் செல்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அதன் உட்கருவில் அடர்த்தியான ஒரு புள்ளி தெரிகிறது. கோழியின் செல்லில் அப்படி இல்லை.

பார்க்கப் போனால் அற்ப விஷயம். ஆனால் அவர் அதை ஆபீஸ் முத்திரை போலப் பயன்படுத்தினார். முட்டைக்குள் வளரும் கோழிக்கருவிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடைக் கருவின் துணுக்கை வைத்தார். பிறகு கரு வளர வளர, முத்திரை குத்திய செல்கள் எங்கெங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்தார். முதுகுப்புறத்தில் தோன்றும் ஒருவகைச் செல்கள் ஊர்விட்டு ஊர் போவதுபோல் நகர்ந்து சென்று, முகத்தின் எலும்பாகவும், தோலுக்கு நிறம் தரும் செல்களாகவும், குடலின் நரம்பாகவும் ஆவது இவ்வாறு துலங்கியது.

இதனால் மனிதனுக்கு என்ன பயன்? சில குழந்தைகள் பிறந்ததும் மலம் கழிக்க முடியாமல் வயிறு உப்பித் தவிக்கும். குடலின் கடைசிப் பகுதிவரை போய்ச் சேரவேண்டிய நரம்புச் செல்கள் வழியிலேயே நின்றுவிடுவதுதான் காரணம். அந்தச் செல்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று காட்டிக்கொடுத்தது காடையின் முத்திரை. 1986-ல் லெ துவாரெனுக்கு ஜப்பானின் கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது.

1988-ல் அவரும் கூட்டாளிகளும் காடைக் கருவின் மூளைப் பகுதியைக் கோழிக்கருவில் பொருத்தினார்கள். பொரித்து வந்த குஞ்சுகளில் சில, உருவத்தில் கோழியாக இருந்தும் காடையைப் போலக் கூவின!

விண்வெளியில் பிறந்த குஞ்சு

காடை வானத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. 1990 மார்ச் 22-ல் சோவியத் விண்வெளி நிலையமான 'மிர்'ரில், அடைகாக்கும் கருவியில் வைத்திருந்த காடை முட்டை பொரிந்தது. விண்வெளியில் ஒரு பறவை முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

செய்தி உலகம் முழுதும் போனது. குஞ்சுகளுக்கு நேர்ந்ததுதான் வருத்தம். எடை என்பதே இல்லாத அந்த இடத்தில் அவற்றுக்குக் காலூன்றத் தரையில்லை. கால் எங்கே, தலை எங்கே என்று தெரியாமல் மிதந்தன. தீவனம் எதிரில் இருந்தும் அதைக் கொத்தித் தின்னத் தெரியவில்லை. முட்டைக்குள் உடல் வளர்வதற்குப் பூமியின் இழுப்பு அவசியமில்லை, வெளியே வந்து வாழ்வதற்கு அவசியம் என்ற பாடத்தை மனிதனுக்குக் கற்பித்துவிட்டு அவை மடிந்தன.

டாக்டர் பாம்பே கண்ட நோய்

இனி அந்த நூறு சென்டிமீட்டர் கதைக்கு வருவோம்.

1932-ல் நெதர்லாந்தின் டாக்டர் பாம்பே, ஏழு மாதத்தில் இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் உடலைப் பரிசோதித்தார். குழந்தையின் இதயம் அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. தசைகளில் எல்லாம் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மலைபோல் குவிந்திருந்தது. அவர் விவரித்த அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவரோ நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் பங்கெடுத்து, 1945 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் கண்ட நோய்க்கு மருந்து வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நோயின் காரணத்தை 1963-ல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ் கண்டுபிடித்தார். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் வேண்டாததைச் சிதைத்துத் தள்ளும் சின்னஞ்சிறு அறைகள் இருக்கின்றன. அங்கே கிளைகோஜனைச் சிதைக்கும் ஒரு என்சைம் வேலை செய்கிறது. பாம்பே நோய் உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே அந்த என்சைம் இல்லை, அல்லது போதவில்லை. குப்பை அள்ளும் ஆள் வராத தெருவைப் போலச் செல் அடைத்துக்கொள்கிறது. தசை தளர்கிறது. கடுமையான வகை தாக்கிய குழந்தைகள், சிகிச்சை இல்லாவிட்டால், பெரும்பாலும் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை.

இல்லாத என்சைமை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? யோசனை எளிது. ஆனால் ரத்தத்தில் ஏற்றும் என்சைம் தசைக்குள் போய்ச் சேர வேண்டுமே! ஆரம்பகால முயற்சிகள் பலிக்கவில்லை.

பதினெட்டாம் நாள்

ஜப்பானில் சில காடைகளுக்கும் இதே குறை பிறவியிலேயே இருப்பதை 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். அந்தப் பறவைகளால் இறக்கையைத் தூக்க முடியாது. பறக்க முடியாது. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழவும் முடியாது. மனிதக் குழந்தைக்கு வந்த நோயே பறவை வடிவில் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யுவான் சோங் சென்னும் கூட்டாளிகளும் மனித என்சைமைச் செல் வளர்ப்பு முறையில் தயாரித்தார்கள். அந்த என்சைமின் மேல் ஒருவகைச் சர்க்கரைக் குறி இருக்கும். தபாலின் மேல் எழுதிய விலாசம் போல, எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதை அது காட்டும்.

நான்கு வாரக் காடைகள் ஆறு. சிலவற்றுக்கு அதிக அளவு மருந்து, சிலவற்றுக்குக் குறைந்த அளவு, மற்றவற்றுக்கு மருந்தில்லாத வெறும் திரவம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாக ஏழு ஊசிகள் போட்டார்கள். பதினெட்டாம் நாள் பறவைகளை மல்லாக்கப் போட்டுப் பார்த்தார்கள். அதிக அளவு மருந்து பெற்ற இரண்டு காடைகளும் புரண்டு எழுந்தன. இறக்கையை அடித்தன. அவற்றில் ஒன்றுதான் நூறு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிப் பறந்தது.

வெளியிலிருந்து கொடுக்கும் ஒரு புரதம் தசைக்குள் சென்று நோயைத் திருப்பும் என்பதற்கு அதுவே முதல் சான்று என்று அந்தக் கட்டுரை எழுதியது. அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சிகிச்சை பெற்ற மூன்று குழந்தைகளைப் பற்றிய அறிக்கை 2001-ல் வெளியானது. 2006-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த என்சைம் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

பறந்த காடை என்ன ஆயிற்று? அதன் இதயமும் ஈரலும் குணமடைந்திருந்தன என்று கட்டுரை சொல்கிறது. அறுத்து எடுத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. பறந்ததும் அதுதான், பலியானதும் அதுதான்.

கணக்கின் மறுபக்கம்

எல்லாப் பரிசோதனையும் இப்படிப் பெருமையோடு முடிவதில்லை. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து பறவைகளுக்கு எவ்வளவு கெடுதல் என்று அறியவும் காடை பயன்படுகிறது. பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1984-ல் வகுத்த முறைப்படி, ஐந்து நாள் மருந்து கலந்த தீவனம், பிறகு குறைந்தது மூன்று நாள் நல்ல தீவனம். எத்தனை பறவை செத்தது என்று எண்ணி, பாதிப் பறவைகளைக் கொல்லும் அளவு எது என்று கணக்கிடுவார்கள். தெளித்த வயலில் மேயும் ஆயிரமாயிரம் பறவைகளை இந்தக் கணக்கு காப்பாற்றலாம். ஆனால் கூண்டில் இருக்கும் காடைக்கு அது ஆறுதலாகாது.

காடையை ஆராய்ச்சிக்குச் சிபாரிசு செய்த அதே 1959-ல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிராணி இல்லாமல் முடியுமென்றால் பிராணியை விட்டுவிடு. முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறை. குறைக்க முடியாத இடத்தில் வேதனையைக் குறை என்பது அவர்கள் சொன்ன நெறி. இன்று உலகெங்கும் இதுவே அளவுகோல். 2010-ல் வந்த ஒரு புதிய நச்சுப் பரிசோதனை முறையும் குறைந்த பறவைகளைக் கொண்டு விடை காணும் நோக்கத்தில் அமைந்ததே.

நம் நாட்டுச் சட்டம்

இந்த விஷயத்தில் இந்தியா பெருமைப்பட இடமுண்டு. 1960-ல் நிறைவேறிய பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதன் நீங்கலாக எந்த உயிரும் பிராணியே என்கிறது. எலியும் அதில் அடக்கம், காடையும் அதில் அடக்கம். புத்தகமோ பொம்மையோ படமோ போதுமான இடத்தில் பிராணியைத் தொடக்கூடாது, வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்கக்கூடாது என்ற நெறிகளை அந்தச் சட்டமே சொல்கிறது. 1998-ல் வந்த விதிகளின்படி, பிராணிகளைப் பரிசோதிக்கும் நிறுவனங்கள் மத்திய அரசின் குழுவிடம் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவரோடு, விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடமுண்டு.

விஞ்ஞானத்தில் முன்னணியில் நிற்கும் அமெரிக்காவின் நிலை வேறு. ஆராய்ச்சிக்கென்றே வளர்த்த பறவைகளும் எலிகளும் அந்நாட்டின் பிராணிநலச் சட்டத்தின்கீழ் வராது என்று 2002-ல் திருத்தமே கொண்டுவந்தார்கள். நூறு சென்டிமீட்டர் பறந்த காடையை அந்தச் சட்டம் பிராணியாக எண்ணுவதில்லை!

சட்டம் இருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருளல்ல. கூண்டுக்குள் இருப்பது வாய்பேசாத ஜீவன். அதற்காகக் கேள்வி கேட்க அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் துணிவு வேண்டும்.

மருந்து யாருக்கு?

இன்னொரு கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. காடை உயிரைக் கொடுத்துக் கண்ட மருந்து எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கிறதா?

பாம்பே நோய்க்கான மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுதும் ஏற்ற வேண்டும். எடைக்கேற்ப அளவு என்பதால், குழந்தை வளர வளரச் செலவும் வளரும். ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் எவரும் தனியாகச் சுமக்கக்கூடிய பாரமல்ல இது.

மத்திய அரசு 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. பாம்பே நோய் அதன் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் ஏற்பட்ட மாற்றத்தின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகள் மூலமாகத்தான் இதைப் பெற முடியும். மும்பையில் பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி, பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இயங்கும் மனித மரபியல் மையம், டில்லியில் எய்ம்ஸ் ஆகியவை அவற்றில் அடங்கும். வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கைக்குழந்தை துணிபோலத் துவண்டு கிடந்தால், பால் குடிக்கவே மூச்சு வாங்கினால், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஊரிலிருந்து வரும் சொல்லை மட்டும் நம்பி நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன்.

50 லட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால் ஆயுள் முழுதும் ஏற்ற வேண்டிய மருந்துக்கு அது எத்தனை ஆண்டு வரும்? தொகை தீர்ந்த பின் அந்தக் குழந்தையின் கதி என்ன? இதற்கு அரசும் மருந்துக் கம்பெனிகளும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டும்.

காடையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதன் உயிரை எடுத்து ஒரு மருந்தைக் கண்டோம். இனி வீணாக ஒரு பறவையும் சாகாமல் பார்த்துக்கொள்வதும், கண்ட மருந்தைக் காசில்லாத வீட்டுக் குழந்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மனிதன் பட்ட கடன். இரண்டில் எதுவும் இன்னும் தீரவில்லை.